காலை முதல் ஸ்டார்ட்டில் வரும் புகை: கார் வைத்திருப்பவருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பெங்களூரு ஆஸ்டின் டவுனில் பெரும்பாலான கார்களுக்கு வீட்டு வாசல்தான் ஷெட். குறுக்குத் தெருவில் சுவரை ஒட்டி ராத்திரி முழுக்க நிற்கும். விவேக்நகர், நீலசந்திரா பக்கமும் இதே கதைதான். டிசம்பர், ஜனவரி விடியற்காலையில் பெங்களூரு 15, 16 டிகிரிக்கு இறங்கிவிடும். இந்த ஊரில் பதிவான மிகக் குறைந்த வெப்பம் 1884 ஜனவரி 13 அன்று 7.8 டிகிரி. அந்தக் குளிரில் நின்ற இன்ஜினை எழுப்பினால் சைலன்சரில் ஏதோ ஒன்று வரத்தான் செய்யும். சில கார்களில் அது வெறும் நீராவி. சில கார்களில் இன்ஜின் ஆயில். இன்னும் சிலவற்றில் ரேடியேட்டரில் இருக்க வேண்டிய கூலண்ட்.

சிக்கல் என்னவென்றால், இதில் பல புகைகள் ஓரிரு நிமிடத்தில் நின்றுவிடும். காரை ஓட்டிக்கொண்டு ஒர்க்‌ஷாப் போய்ச் சேரும்போது இன்ஜின் சூடாகியிருக்கும், மெக்கானிக் பார்க்கப் புகையே இருக்காது. அப்போது "ஒண்ணும் இல்ல சார், ஓட்டுங்க" என்பார், இல்லாவிட்டால் "ரிங் போயிருக்கும், இன்ஜின் இறக்கணும்" என்பார். இரண்டுமே ஊகம். முதலாவது நம்பவைத்துக் கெடுக்கும், இரண்டாவது வீணாகப் பணத்தைத் தின்னும். அந்த முதல் இரண்டு நிமிடத்தைப் பார்க்கக்கூடியவர் வண்டியின் சொந்தக்காரர் மட்டும்தான். அதை எப்படிப் பார்ப்பது, எதைக் குறித்துவைப்பது, மெக்கானிக்கிடம் எப்படிச் சொல்வது என்பதைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். ஸ்பேனர் பிடித்துப் பழக்கம் இல்லாதவரும் இதைச் செய்யலாம்.

படி 1: முந்தின இரவே தயாராகுங்கள்

காரைச் சமதளத்தில் நிறுத்துங்கள். சரிவில் நின்றால் ஆயில் ஒரு பக்கமாகத் தேங்கும், மறுநாள் பார்க்கும் அளவும் தவறாகும், புகையும் தவறான சாட்சி சொல்லும். சைலன்சர் வாய் திறந்த தெருவை நோக்கி இருக்கட்டும்; பின்னால் வெளிர் நிறச் சுவர் இருந்தால் புகையின் நிறம் நன்றாகத் தெரியும். குறைந்தது ஏழெட்டு மணி நேரம் வண்டியைத் தொடாதீர்கள். நடுவில் யாராவது பார்க்கிங் மாற்ற இரண்டு நிமிடம் ஓட்டினால்கூட சோதனை கெட்டுவிடும். வியாழக்கிழமை விவேக்நகர் குழந்தை இயேசு ஆலயத்துக்கு வரும் கூட்டத்தில் வண்டியை இடம் மாற்றச் சொல்லிக் கதவைத் தட்டுவார்கள். ஆகவே புதன் இரவு இதைச் செய்துவிடுவது நல்லது.

பழைய அட்டைப்பெட்டி ஒன்றைப் பிரித்து இன்ஜினுக்கு அடியில் விரித்துவையுங்கள். காலையில் அதில் சொட்டு விழுந்திருக்கிறதா, எந்த இடத்தில், என்ன நிறத்தில் என்று பார்க்கப் பயன்படும்.

படி 2: சாவியைத் திருப்புவதற்கு முன் மூன்று இடம் பாருங்கள்

முதலில் டிப் ஸ்டிக். உருவி, துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பாருங்கள். ஆயில் இரண்டு குறிகளுக்கு நடுவே இருக்க வேண்டும். மேல் குறியைத் தாண்டியிருந்தால் உங்கள் பிரச்சினை அங்கேயே தீரலாம். சர்வீஸில் அதிகமாக ஊற்றிவிட்ட ஆயில், மூச்சுக்குழாய் வழியாக இன்ஜின் காற்றில் கலந்து எரிந்து நீலப் புகை கொடுக்கும். சர்வீஸ் விட்டு வந்த வாரமே புகை தொடங்கியிருந்தால் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். அளவு சரியாகும்வரை ஆயிலை உறிஞ்சி எடுத்தால் போதும்.

அடுத்து கூலண்ட் டப்பா. வெளியிலிருந்தே அளவு தெரியும். இன்ஜின் ஆறியிருக்கும் இந்த நேரத்தில் மட்டுமே மூடியைத் திறக்கலாம். சூடான ரேடியேட்டர் மூடியைத் திறந்து முகம் வெந்தவர்கள் உண்டு. இன்றைய அளவை மார்க்கர் பேனாவால் டப்பாவின் மேல் கோடு போட்டுவையுங்கள். ஒரு வாரம் கழித்துப் பார்க்கும்போது அந்தக் கோடு பல கேள்விகளுக்குப் பதில் சொல்லும்.

மூன்றாவது, ஆயில் ஊற்றும் மூடியின் உட்பக்கம். அங்கே பால் காபி நிறத்தில் பிசுபிசுப்பாக ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் உடனே பதற வேண்டாம், அது ஏன் என்று பின்னால் வருகிறேன்.

படி 3: ஸ்டார்ட் செய்து, பின்னால் நின்று பாருங்கள்

இதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் ஸ்டார்ட் செய்ய, மற்றவர் காரின் பின்னால் பக்கவாட்டில் நின்று மொபைலில் வீடியோ எடுக்கட்டும். சாவியைத் திருப்பும் முன்பே வீடியோ ஓடத் தொடங்க வேண்டும். முதல் ஐந்து வினாடியைத் தவறவிட்டால் பாதிச் செய்தி போய்விடும். டீசல் வண்டி என்றால் சாவியை ‘ஆன்’ நிலையில் வைத்து, டேஷ்போர்டில் சுருள் வடிவ விளக்கு அணையும்வரை காத்திருங்கள்.

ஆக்சிலேட்டரை மிதிக்க வேண்டாம். காலையில் ஸ்டார்ட் ஆனதும் உறுமவிடும் பழக்கம் கார்புரேட்டர் காலத்து மாருதி 800, பிரீமியர் பத்மினி, அம்பாசிடரோடு போகவேண்டியது. ஆயில் மேலே ஏறிச் சேரும் முன்பே இன்ஜினை விரட்டினால் தேய்மானம்தான் மிச்சம். புகையின் உண்மையான அளவும் மறைந்துவிடும்.

மூடிய பார்க்கிங்கில், அபார்ட்மெண்ட் பேஸ்மெண்டில் இந்தச் சோதனை கூடவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. குளிர்ந்த இன்ஜினில் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் இன்னும் வேலையைத் தொடங்கியிருக்காது, அதனால் அந்த நச்சு அப்போதுதான் மிக அதிகமாக வெளியேறும். மணம் பார்க்க வேண்டுமானால் சைலன்சர் அருகே குனியாமல், எட்டி நின்று கையால் விசிறிக் காற்றை முகத்தருகே கொண்டுவாருங்கள்.

வீடியோவோடு நான்கு விஷயம் குறித்துக்கொள்ளுங்கள்: புகையின் நிறம், எத்தனை வினாடி வந்தது, மணம், முதல் சில வினாடிகளில் இன்ஜின் உதறியதா. பிறகு ஒரு வெள்ளைத் தாளைச் சைலன்சர் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி அரை நிமிடம் காட்டுங்கள். விழுந்த துளிகள் காய்ந்து தடமே இல்லாமல் போனால் தண்ணீர். காயாமல் எண்ணெய்த் திட்டாக நின்றால் ஆயில். துடைத்தால் கையில் ஒட்டும் உலர்ந்த கறுப்புப் பொடி என்றால் சரியாக எரியாத எரிபொருளின் கரி.

இன்னொன்றையும் உறுதிசெய்துகொள்ளுங்கள்: புகை உண்மையிலேயே சைலன்சரிலிருந்துதான் வருகிறதா? பானெட்டின் இடுக்கிலிருந்து வந்தால் அது சூடான குழாய்மேல் ஆயில் சொட்டிக் கருகுவதாக இருக்கலாம். அது தனி வேலை, இந்தக் கட்டுரையின் எல்லைக்கு வெளியே.

படி 4: நிறத்தைப் படியுங்கள்

மெல்லிய வெள்ளை: பெரும்பாலும் வெறும் நீராவி

ஒரு லிட்டர் பெட்ரோல் முழுதாக எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உருவாகிறது. கேட்பவர்கள் நம்ப மறுப்பார்கள். ஆனால் பெட்ரோலில் உள்ள ஹைட்ரஜன் காற்றில் உள்ள ஆக்சிஜனோடு சேர்ந்தால் தண்ணீரைத் தவிர வேறென்ன ஆகும்? சைலன்சர் சூடாக இருக்கும்போது அது கண்ணுக்குத் தெரியாத ஆவியாகப் போய்விடுகிறது. குளிர்ந்த குழாயில் மோதும்போது துளியாகவும், குளிர்ந்த காற்றில் கலக்கும்போது வெண்மையாகவும் தெரிகிறது. ஊட்டியில் காலையில் பேசும்போது வாயிலிருந்து வரும் ஆவி மாதிரிதான் இதுவும்.

சென்னையிலிருந்து மாறி வந்தவர்கள் இதைப் பார்த்துப் பதறுவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். அங்கே ஜனவரியில்கூட பெரும்பாலும் இருபது டிகிரிக்கு மேல்தான். அதே கார் அங்கே இவ்வளவு தெளிவாக ஆவி விட்டிருக்காது. சிஎன்ஜி வண்டிகளில் இது இன்னும் அதிகம். ஒரு கிலோ சிஎன்ஜி எரிந்தால் இரண்டு கிலோவுக்கு மேல் தண்ணீர் வரும். எல்பிஜி ஆட்டோக்களின் சைலன்சரிலிருந்து காலையில் சொட்டுவதும் இதுவே.

ஆவி என்றால் மூன்று அடையாளம் இருக்கும். வெளிவந்த சில அடிகளிலேயே காற்றில் கரையும், மணம் இருக்காது, ஐந்து பத்து நிமிடம் ஓடியதும் நின்றுவிடும். இவை மூன்றும் இருந்தால் வண்டியைப் பற்றிய கவலையை விட்டுவிடலாம்.

அடர்ந்த வெள்ளை: கூலண்ட் எரிகிறதா என்று பாருங்கள்

கரையாமல் தெருவின் மறுபக்கம்வரை தொங்கும் வெள்ளைப் புகை, சூடான பிறகும் நிற்காத வெள்ளைப் புகை இரண்டையும் லேசாக எடுத்துக்கொள்ளக்கூடாது. சிலிண்டர்களை மூடும் ஹெட்டின் அடியில் உள்ள ஹெட் கேஸ்கெட் கசிந்தாலோ, ஹெட்டில் விரிசல் இருந்தாலோ, ராத்திரி நிற்கும்போது கூலண்ட் சொட்டுச் சொட்டாக சிலிண்டருக்குள் இறங்கும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் அந்த சிலிண்டர் சில வினாடிகள் எரியாமல் உதறும், பிறகு வெள்ளைப் புகை கிளம்பும். முதல் வினாடிகளின் உதறலைக் குறித்துக்கொள்ளச் சொன்னது இதற்காகத்தான்.

கூலண்ட் எரிந்தால் லேசான இனிப்பு மணம் வரும் என்று எல்லோரும் சொல்வார்கள். உண்மைதான், ஆனால் கூலண்ட் ஊற்றியிருந்தால் மட்டும். நம் ஊரில் பல பழைய கார்களில் போர்வெல் தண்ணீரைத்தான் ஊற்றி ஓட்டுகிறார்கள். அதில் இனிப்பு மணம் எங்கிருந்து வரும்? மணம் இல்லை என்பதை வைத்து கேஸ்கெட் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டாதீர்கள். சொல்லப்போனால் அந்த உப்புத் தண்ணீர்தான் உள்ளே துருவேற்றி, அலுமினிய ஹெட்டை அரித்து, கேஸ்கெட்டைச் சீக்கிரம் கெடுக்கிறது.

மணத்தைவிட நம்பகமான சாட்சி அந்த மார்க்கர் கோடு. அட்டையில் சொட்டு இல்லை, ஆனாலும் டப்பாவில் அளவு இறங்குகிறது என்றால் கூலண்ட் எங்கேயோ உள்ளே போகிறது. ஸ்டார்ட் செய்த ஒரு நிமிடத்திலேயே ரேடியேட்டரின் மேல் ஹோஸ் கல்லாக இறுகினால் எரிந்த வாயு கூலண்டுக்குள் புகுந்து அழுத்துகிறது என்று பொருள். டப்பாவில் விடாமல் குமிழி வருவதும் அதன் அடையாளமே.

இப்போது அந்தப் பால் காபி நிறத்துக்கு வருவோம். ஆயிலும் தண்ணீரும் கலந்தால் அந்த நிறம் வரும். ஆனால் ஆஸ்டின் டவுனிலிருந்து ரிச்மண்ட் ரோடு, பிரிகேட் ரோடு என்று மூன்று கிலோமீட்டருக்குள் மட்டுமே ஓடும் காரில், இன்ஜின் முழுதாகச் சூடாவதற்குள் நிறுத்திவிடுகிறோம். உள்ளே படிந்த ஈரம் ஆவியாகிப் போக நேரமே கிடைப்பதில்லை. அது மூடியில் வந்து ஒட்டும். ஞாயிற்றுக்கிழமை ஓசூர் ரோட்டில் முக்கால் மணி நேரம் நிற்காமல் ஓட்டிவிட்டு, மூடியைத் துடைத்து, ஒரு வாரம் கழித்துப் பாருங்கள். டிப் ஸ்டிக்கில் ஆயில் சுத்தமாக, கூலண்ட் கோடு அசையாமல் இருந்தால் கேஸ்கெட்டைக் குறை சொல்ல வேண்டாம். டிப் ஸ்டிக்கிலேயே பால் காபி நிறம் என்றால் வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் டோ செய்து அனுப்புங்கள்.

ஒரு எச்சரிக்கை. கூலண்ட் அதிகமாக இறங்கி சிலிண்டர் நிரம்பிவிட்டால் ஸ்டார்ட்டர் "டக்" என்று நின்றுவிடும், இன்ஜின் சுற்றாது. பேட்டரி வீக் என்று நினைத்துத் தள்ளியோ, ஜம்பர் போட்டோ வற்புறுத்தினால் கனெக்டிங் ராட் வளைந்துவிடும். கூலண்ட் குறையும் வண்டியில் இப்படி நடந்தால் கையை எடுத்துவிட வேண்டும்.

தரையில் சிந்திய கூலண்டை உடனே நிறையத் தண்ணீர் விட்டுத் துடையுங்கள். அதிலுள்ள எத்திலீன் கிளைகால் இனிக்கும், ஆனால் கொடிய நஞ்சு. தெருநாயும் பூனையும் நக்கிப் பார்த்துச் செத்துப்போகும்.

நீலம்: ஆயில் எரிகிறது, ஆனால் எங்கிருந்து?

யெஸ்டி, ஆர்எக்ஸ் 100 ஓட்டி வளர்ந்த பெங்களூருத் தலைமுறைக்கு நீலப் புகை பெரிய விஷயமாகத் தெரியாது. அந்த டூ ஸ்ட்ரோக் வண்டிகளில் ஆயிலைப் பெட்ரோலோடு சேர்த்தே எரித்தார்கள், புகை வந்தே ஆக வேண்டும். காரின் ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜினில் ஆயிலுக்கு எரியும் அறையில் வேலையே கிடையாது. அங்கே நீலம் தெரிந்தால் எங்கோ ஒரு தடுப்பு தளர்ந்திருக்கிறது.

அந்தத் தடுப்பு எது என்று கண்டுபிடிப்பதில்தான் ஆயிரங்களும் லட்சமும் பிரிகின்றன. இதைச் சற்று நிதானமாகப் படியுங்கள்.

வால்வின் தண்டைச் சுற்றி ரப்பர் சீல் ஒன்று இருக்கும். மெக்கானிக்குகள் வால்வ் ஆயில் சீல் என்பார்கள். வருடக்கணக்கில் சூட்டில் வெந்து அது இறுகிவிடும். ராத்திரி வண்டி நிற்கும்போது மேலே தேங்கிய ஆயில் அந்த இடுக்கில் கசிந்து சிலிண்டருக்குள் சொட்டும். காலை முதல் ஸ்டார்ட்டில் குபுக்கென்று ஒரு நீலப் புகை. பத்து வினாடி, அரை நிமிடம், அதோடு சரி. அப்புறம் நாள் முழுக்க வண்டி சுத்தமாக ஓடும், இழுவையும் குறையாது. இந்த அடையாளம் அப்படியே பொருந்தினால் சந்தேகம் சீலின் மேல் விழ வேண்டும்.

பிஸ்டன் ரிங் தேய்ந்த வண்டி வேறு மாதிரி நடந்துகொள்ளும். காலையில் மட்டும் என்றில்லாமல், சூடான பிறகும், மேம்பாலம் ஏறும்போதும், ஆக்சிலேட்டரை அழுத்தும்போதும் நீலம் தொடரும். இழுவை குறையும். ஆயிலை அடிக்கடி டாப் அப் செய்ய வேண்டிவரும். இன்ஜின் ஓடும்போது ஆயில் மூடியை மெல்லத் திறந்தால் உள்ளிருந்து புகை அடித்துத் தள்ளும்.

இரண்டையும் பிரித்துப் பார்க்க பெங்களூரு டிராஃபிக்கே ஒரு சோதனைச்சாலை. சில்க் போர்டு சிக்னலில் ஐந்து நிமிடம் ஐடிலில் நின்றுவிட்டுக் கிளம்பும் அந்தக் கணத்தில் மட்டும் கண்ணாடியில் நீலம் தெரிகிறதா? ஐடிலில் இன்ஜின் உள்ளே உறிஞ்சும் விசை அதிகம். தளர்ந்த சீல் வழியே ஆயிலை இழுத்துவைத்துக்கொண்டு, கிளம்பும்போது எரிக்கிறது. நந்தி மலை இறக்கத்தில் கியரில் விட்டு, காலை எடுத்து இறங்கி, கீழே வந்து மறுபடி அழுத்தும்போது வரும் புகையும் இதே காரணத்தால்தான். இரண்டுமே சீலின் பக்கம் கை காட்டுகின்றன. பின்னால் வரும் நண்பரின் காரிலிருந்து இதை வீடியோ எடுக்கச் சொல்லுங்கள்.

இந்த வித்தியாசம் ஏன் அவ்வளவு முக்கியம்? பல இன்ஜின்களில் ஹெட்டைக் கழற்றாமலே சீலை மாற்றலாம். ஸ்பார்க் பிளக் துளை வழியாகக் காற்றழுத்தம் கொடுத்து வால்வைக் கீழே விழாமல் பிடித்துக்கொண்டு ஸ்பிரிங்கைக் கழற்றுவார்கள். ரிங் மாற்ற இன்ஜினையே பிரிக்க வேண்டும். காலையில் அரை நிமிடம் மட்டும் புகைத்த காருக்கு இன்ஜின் வேலை செய்யச் சொன்னால், காரணத்தைக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

இவை தவிர இன்னும் இரண்டு இடம் உண்டு. பிசிவி வால்வு என்ற மூச்சு வால்வு அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் கூடி ஆயில் தப்பான வழியில் போகும். மலிவான பாகம், முதலில் இதை மாற்றிப் பார்ப்பதில் தவறில்லை. டர்போ உள்ள வண்டிகளில் டர்போவின் சீலும் கசியலாம். காற்றுக் குழாயைக் கழற்றினால் உள்ளே ஆயில் தேங்கியிருக்கும்.

"கெட்டி ஆயில் ஊத்துங்க, புகை நின்னுடும்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கொஞ்ச நாள் நிற்கலாம். ஆனால் குளிர்ந்த காலையில் அந்தக் கெட்டி ஆயில் மேலே ஏறிச் சேரத் தாமதமாகும், அந்தத் தாமதம் முழுக்கத் தேய்மானம். புகை நிறுத்தும் மருந்து என்று பாட்டிலில் விற்பதும் வண்டியை விற்கப் போகிறவருக்கு உதவும், வைத்திருப்பவருக்கு உதவாது. எரியும் ஆயிலில் உள்ள பாஸ்பரஸ் கேட்டலிடிக் கன்வெர்ட்டரை மெல்லக் கெடுக்கும் என்பதால், சின்னப் புகையானாலும் வருடக்கணக்கில் தள்ளிப்போடுவது லாபமில்லை.

கறுப்பு: எரிபொருள் அதிகம்

குளிர்ந்த இன்ஜினுக்குக் கொஞ்சம் கூடுதலாகப் பெட்ரோல் கொடுப்பது இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரின் வழக்கம். அதனால் தாளில் லேசாகக் கரி படிவது குற்றமல்ல. கண்ணுக்குத் தெரியும் கறுப்புப் புகையும், மூக்கில் ஏறும் பெட்ரோல் நெடியும், குறைந்த மைலேஜும் சேர்ந்து வந்தால் ஏர் ஃபில்டரை முதலில் பாருங்கள். மெட்ரோ வேலை நடக்கும் சாலைகளில் தினமும் ஓடும் வண்டிக்கு கையேட்டில் சொன்ன கிலோமீட்டர் வரை ஃபில்டர் தாங்காது. அடுத்து கூலண்ட் டெம்பரேச்சர் சென்சார். அது கெட்டால் இன்ஜின் சூடான பிறகும் குளிராக இருப்பதாகவே கம்ப்யூட்டர் நம்பிக்கொண்டிருக்கும். ஸ்கேனர் போட்டால் ஒரே நிமிடத்தில் தெரிந்துவிடும். சொட்டும் இன்ஜெக்டர் மூன்றாவது.

கார்புரேட்டர் வண்டியை ஆசையாக வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரம். காற்று இங்கே கொஞ்சம் மெலிது. சென்னையில் டியூன் செய்த கார்புரேட்டர் இங்கே வந்தால் கொஞ்சம் கூடுதலாகவே பெட்ரோல் ஊற்றும். சோக் திரும்பாமல் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்றும் பார்த்துவிட்டு இந்த ஊரிலேயே டியூன் செய்யுங்கள்.

டீசல் வண்டிக்குத் தனிக் கணக்கு

டீசலில் தீப்பொறி கிடையாது. அழுத்தப்பட்ட காற்றின் சூட்டில்தான் டீசல் பற்றிக்கொள்ளும். காலையில் அந்தச் சூடு போதாவிட்டால் டீசல் எரியாமல் சாம்பல் கலந்த வெள்ளைப் புகையாக வெளியேறும். கண் எரியும், நெடி தொண்டையில் பிடிக்கும். நீராவிக்கும் கூலண்டுக்கும் இந்த எரிச்சல் இல்லை என்பதால் பிரித்தறிவது சுலபம்.

முதல் சந்தேகம் ஹீட்டர் பிளக். ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒன்று இருக்கும். நான்கில் ஒன்று போனாலும் வண்டி ஸ்டார்ட் ஆகிவிடும், ஆனால் முதல் ஒரு நிமிடம் ஒரு காலில் நொண்டிக்கொண்டே புகைக்கும். மல்டிமீட்டர் வைத்து ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். அதற்கு முன்னால் பேட்டரியைப் பாருங்கள். ஸ்டார்ட்டர் மெதுவாகச் சுற்றினால் காற்று போதிய அளவு சூடாகாது, புகை வரும். டீசல் ஃபில்டரில் தேங்கிய தண்ணீரை வடித்துவிடுவதும் செலவில்லாத வேலை. இவை எல்லாம் சரியாக இருந்தும் புகைத்தால் இன்ஜெக்டர்களை டீசல் பம்ப் வேலை செய்யும் கடையில் கொடுத்துச் சோதிக்கச் சொல்லுங்கள், கம்ப்ரஷனும் பார்க்கச் சொல்லுங்கள்.

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ் 6 டீசல் கார்களில் கரியைப் பிடித்துவைக்கும் ஃபில்டர் இருக்கிறது. அப்படிப்பட்ட வண்டி கறுப்புப் புகை விட்டால் அந்த ஃபில்டர் உடைந்திருக்கிறது, அல்லது யாரோ கழற்றிவிட்டார்கள். குறைந்த தூரமே ஓட்டினால் ஃபில்டர் தன்னைச் சுத்தம் செய்துகொள்ள முடியாமல் பாதியில் நிற்கும். அப்போது எரியாத டீசல் ஆயிலில் கலந்து, டிப் ஸ்டிக்கில் அளவு ஏறும். ஆயில் தானாகக் கூடுகிறதே என்று மகிழ வேண்டாம். அது உடனே மாற்ற வேண்டிய ஆயில்.

படி 5: சூடான பிறகு ஒரு முறை

அரை மணி நேரம் ஓட்டிவிட்டு நிறுத்துங்கள். பத்து நிமிடம் கழித்து மறுபடி ஸ்டார்ட் செய்து அதே இடத்தில் நின்று வீடியோ எடுங்கள். காலை வீடியோவும் இந்த வீடியோவும் அடுத்தடுத்து இருந்தால் அனுபவமுள்ள மெக்கானிக் பார்த்த மாத்திரத்தில் பாதி சொல்லிவிடுவார். ஒரு வாரத்தில் ஆயிலும் கூலண்டும் எவ்வளவு குறைந்தன என்பதையும் கிலோமீட்டரோடு எழுதிவையுங்கள்.

படி 6: மெக்கானிக்கிடம் சொல்லும் விதம்

"அண்ணே, வண்டி புகை அடிக்குது" என்று சொன்னால் அவருக்கு ஒன்றும் புரியாது. இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "அண்ணே, ராத்திரி நின்னு காலைல முதல் ஸ்டார்ட்ல மட்டும் நீலமா வருது, இருபது செகண்ட்ல நின்னுடுது. சூடான பிறகு இல்ல. கூலண்ட் குறையல. வீடியோ இருக்கு, பாருங்க." இதைக் கேட்டவர் எடுத்த எடுப்பில் இன்ஜினை இறக்கச் சொல்ல மாட்டார்.

முடிந்தால் வண்டியை முந்தின நாள் மாலையே விட்டுவிட்டு, காலையில் அவரே முதல் ஸ்டார்ட் செய்யும்படி கேளுங்கள். எதையும் பிரிக்கும் முன் சோதனை செய்யச் சொல்லுங்கள். பெட்ரோல் வண்டியில் கம்ப்ரஷன் குறைந்த சிலிண்டருக்குள் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பார்த்தால், அளவு ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு. கேஸ்கெட் சந்தேகத்துக்கு ரேடியேட்டர் வாயில் வைத்துப் பார்க்கும் நீல நிறத் திரவம் இருக்கிறது. எரிந்த வாயு பட்டால் மஞ்சளாகும். இந்தச் சோதனைகளுக்கு ஆகும் செலவு, தேவையில்லாத ஒரு இன்ஜின் வேலையோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

உதிரி பாகங்களை ஜே.சி. ரோட்டில் நீங்களே வாங்கிக் கொடுப்பதாக இருந்தால், வால்வ் சீலும் ஹெட் கேஸ்கெட்டும் கம்பெனிப் பாகமாகவே வாங்குங்கள். இந்த இரண்டிலும் விலை பார்த்துப் போலியை எடுத்தால் கூலி இரண்டாம் முறையும் கொடுக்க வேண்டிவரும். பில் வாங்காமல் வராதீர்கள்.

எமிஷன் சர்டிபிகேட் இருந்தால் போதுமா?

பெட்ரோல் பங்கில் எடுக்கும் எமிஷன் டெஸ்ட் சூடான இன்ஜினில் நடக்கிறது. பிஎஸ் 4, பிஎஸ் 6 பெட்ரோல் கார்களுக்கு ஐடிலில் கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதத்துக்குள், ஹைட்ரோகார்பன் 200 பிபிஎம்முக்குள் இருக்க வேண்டும். காலையில் மட்டும் புகைக்கும் கார் இதில் சுலபமாகத் தேறிவிடும். ஆகவே அந்தத் தாளைப் பார்த்து வால்வ் சீல் நன்றாக இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். அதே சமயம் அந்தத் தாள் இல்லாமல் ஓட்டவும் வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டம் 190(2) பிரிவின்படி அபராதம் 10,000 ரூபாய் வரை போகலாம்.

எப்போது ஓட்டவே கூடாது

அடர்ந்த வெள்ளைப் புகையோடு டெம்பரேச்சர் முள் ஏறினால் உடனே ஓரங்கட்டி நிறுத்துங்கள். "அடுத்த சிக்னல் தாண்டி நம்ம மெக்கானிக் இருக்காரு" என்று ஓட்டும் அந்த ஒரு கிலோமீட்டரில் ஹெட் வளைந்துவிடும்.

டர்போ சீல் போன டீசல் வண்டியில் அரிதாக ஒரு பயங்கரம் நடக்கும். கசியும் ஆயிலையே எரிபொருளாக்கிக்கொண்டு இன்ஜின் தானாக வேகமெடுக்கும், சாவியை அணைத்தாலும் நிற்காது. மேனுவல் கியர் வண்டி என்றால் கிளட்சை மிதித்து ஐந்தாவது கியர் போட்டு, பிரேக்கை முழுப் பலத்தோடு அழுத்திக்கொண்டு கிளட்சை விட்டுவிடுங்கள். இன்ஜின் திணறி நின்றுவிடும். அது பலிக்காவிட்டால் எல்லோரையும் இறக்கிவிட்டு விலகி நில்லுங்கள். பானெட்டுக்குள் கை விடாதீர்கள்.

பழைய கார் வாங்கப் போகிறவருக்கு

மேலே சொன்ன அத்தனையும் பழைய கார் பார்க்கப் போகும்போது இன்னும் அதிகம் உதவும். முந்தின நாளே போன் செய்து, "நான் வந்த பிறகுதான் ஸ்டார்ட் செய்யணும்" என்று சொல்லிவையுங்கள். போனதும் முதலில் பானெட்டின் மேல் கை வையுங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் யாரோ ஏற்கெனவே எழுப்பிப் புகையை வெளியேற்றியிருக்கிறார்கள். வேறொரு நாள் காலை ஏழு மணிக்கு வருவதாகச் சொல்லுங்கள். குளிர்ந்திருந்தால் டிப் ஸ்டிக், கூலண்ட், ஆயில் மூடி, பிறகு வீடியோ என்று இதே வரிசையில் போங்கள். சைலன்சர் வாயின் உட்பக்கம் விரலை விட்டு ஒரு முறை தேய்த்தும் பாருங்கள். உலர்ந்த கரி வந்தால் பரவாயில்லை; கறுப்பு எண்ணெய்ப் பசையாக வந்தால், ஸ்டார்ட் செய்யும் முன்பே விலையைக் குறைத்துப் பேசலாம்.